நாலாவது தடவை எந்திரிச்சப்போ

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி, எனக்கு இந்தக் காத்து ஆகாது. பர்லியாறுகிட்ட மரம் விழுந்திருச்சுன்னு கண்டக்டர் சொல்றாரு. அறுத்து எடுக்க எப்படியும் ஒரு மணி நேரமாவது ஆகுமுங்க. தண்ணி வேணும்னா எடுத்துக் குடிங்க, கொதிக்க வெச்சு ஆத்துனதுதான்.

குன்னூர்ல எங்க தங்கியிருந்தீங்க? மேட்டு கிளப்புலயா? ரிசப்சனுக்கு வந்தீங்களா, சரி சரி. பேண்ட் போட்டுத்தான போனீங்க? அதான் உள்ள விட்டிருக்காங்க. வேட்டியோட போயிருந்தா தெரிஞ்சிருக்கும் சங்கதி.

அந்தக் கிளப்புக்கு இங்கிலீஷ்ல முழ நீளத்துக்கு ஒரு பேரு இருக்குதுங்க. நாங்க மேட்டு கிளப்புன்னுதான் சொல்றது. வாசல்ல கண்ணாடி போட்டு ஒரு போர்டு மாட்டியிருக்குமே, பாத்தீங்களா? ஆம்பளைங்கன்னா முழுக்கால் சட்டை, காலர் வெச்ச சட்டை, ஷூ. வேட்டி, லுங்கி, செருப்பு கூடாது. அந்தப் போர்டு முன்னாடி நின்னு நான் பட்ட அவமானம் இருக்குதே, ஒம்போது வருசமாச்சு, இன்னும் நெஞ்சுல எரியுதுங்க. பழி வாங்கிட்டேன். வாங்காம விடுவனா? அடுத்த வருசமே வாங்கிட்டேன். ஆனா எரிச்சல் மட்டும் அடங்கல பாருங்க.

எம் பேரு சூசை. மார்க்கெட்டுக்குள்ள வந்து சூசை டெய்லர்னு கேட்டீங்கன்னா யாரும் கை காட்டுவாங்க. அந்தக் கிளப்புல இருக்கற பெரிய மனுசங்க பாதிப்பேரு இடுப்பளவு எனக்கு மனப்பாடம். யாருக்கு தொப்பை, யாருக்கு ஒரு கால் குட்டை, எல்லாம் தெரியும். வெளிய சொல்ல மாட்டேன், அது தொழில் தர்மம்.

எனக்கு ஒரே பொண்ணுங்க, ஜெனிட்டா. கோயில் பாட்டுக் குழுவுல சின்ன வயசுல இருந்தே பாடுவா. அதைக் கேட்டுட்டு மிஸ் டொரீன்னு ஒரு பியானோ டீச்சரம்மா, கல்யாணம் காட்சி பண்ணிக்காதவங்க, எம் பொண்ணத் தனியா கூப்பிட்டுச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாங்க. அந்தம்மா வருசா வருசம் டிசம்பர்ல கிளப்பு மண்டபத்துல ஒரு ஆப்பரா போடுவாங்க. ஆப்பரான்னா தெரியுமுங்களா? நாடகந்தான், ஆனா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாட்டாவே பேசிக்குவாங்க. கதவைச் சாத்துன்னு சொல்றதுக்கே மூணு நிமிசம் பாடுவாங்க. பாஷையும் நம்ம பாஷை இல்ல, இங்கிலீஷும் இல்ல. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாது, பொய் சொல்லக்கூடாது. அவ வீட்டுல பாடிப் பழகறப்ப நான் மிசினைக் கொஞ்சம் வேகமா மிதிப்பேன்.

மொத வருசம் அவளுக்குக் கூட்டத்தோட கூட்டமா நின்னு பாடற வேசம். இருந்தாலும் பெத்தவன் போகணுமில்ல? திருநாளுக்குன்னு எடுத்த மயில்கண் வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல அங்கவஸ்திரம். ஜம்முனு போனனுங்க. பேண்ட் போட்டுட்டு வாங்கப்பான்னு பொண்ணு ரெண்டு மூணு தடவ சொன்னான்னு எம் பொண்டாட்டி அமலி இன்னைக்கும் சாதிக்கறா. சொல்லியிருக்கலாம். நான் காதுல வாங்கல. ஊருக்கெல்லாம் பேண்ட் தெச்சுக் குடுக்கறவன், ஒரு நல்லது பொல்லதுக்கு வேட்டி கட்டக்கூடாதா?

வாசல்ல செக்ரட்டரி நின்னுட்டிருந்தாரு. கோதண்டபாணின்னு பேரு. அப்பன் ஊத்துக்குளிப் பக்கம் வெண்ணெ வியாபாரம். இவரு மட்டும் ஒரு வருசம் சீமையில, எடின்பரோவுல படிச்சுட்டு வந்தாப்புல, அதுல இருந்து தும்முனாக்கூட இங்கிலீஷ்லதான் தும்முவாரு. என்னை மேல இருந்து கீழ பாத்தாரு. "சூசை, ரூல் தெரியுமில்ல?"ன்னாரு. "எம் பொண்ணு பாடறாங்க சார்"னேன். "பாடட்டும், சந்தோசம். நீ உள்ள வரணும்னா பேண்ட்ல வா"ன்னாரு.

அந்த நேரம் பாத்து ஒரு கார் வந்து நின்னுச்சுங்க. அதுல இருந்து எறங்குனாரு ஒரு வெள்ளக்காரரு. மக்ரேன்னு பேரு, நாங்க மக்ரே துரைன்னு சொல்லுவோம். அவரு பாட்டன் காலத்து எஸ்டேட்டு இங்க இருந்துதாம், கல்லறையெல்லாம் பாக்க வந்தாராம். மேல கோட்டு, டை, எல்லாம் சரி. கீழ பாத்தா பாவாடை! கட்டம் போட்ட பாவாடைங்க! முழங்காலு ரெண்டும் பளபளன்னு தெரியுது. முன்னாடி ரோமம் வெச்ச பை ஒண்ணு தொங்குது. என்னை வாசல்லயே நிக்க வெச்சுட்டு, இந்தக் கோதண்டபாணி வளைஞ்சு குனிஞ்சு, "வெல்கம் சார், வெல்கம்"னு கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "சார், அவரு போட்டிருக்கறது முழுக்கால் சட்டைங்களா?"ன்னு சத்தமாவே கேட்டேன்.

திரும்பி வந்தாரு. "அது கில்ட், சூசை. அவங்க தேசத்து உடை. மரியாதையான உடை."

"அப்ப நான் கட்டியிருக்கறது என்னுங்க சார்? குளிச்சுட்டுச் சுத்திக்கற துண்டா?"

"அது வீட்டுல கட்டறது. கோயிலுக்குக் கட்டிட்டுப் போ, யாரு வேண்டாங்கறா?"

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க தம்பி. எல்லாம் யாரு? நான் அளவெடுத்த ஆளுங்க. அதோட விட்டாரா? இல்லீங்க. "இந்த மாதிரி மறந்துட்டு வர்றவங்களுக்குன்னு ஒரு பேண்ட் வெச்சிருக்கோம், மாட்டிட்டு வா"ன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லி ஒண்ணு எடுத்துட்டு வரச் சொன்னாரு. வாங்கிப் பாக்கறேன், இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் என் கடை லேபில். நான் தெச்ச பேண்ட்டுங்க அது! நான் தெச்ச பேண்ட்ட எனக்கே பிச்சை போடறான்!

மாட்டியிருக்கலாம். மாட்டிட்டு உள்ள போயிருக்கலாம்தான். ஆனா அத்தன பேரு பாக்கறப்ப ஒரு மூலையில ஒதுங்கி வேட்டிய அவுக்கறதுக்கு நான் என்ன மானங்கெட்டவனா? வீசிட்டு வந்துட்டேன். இதுல கொடுமை என்னன்னா, அமலி எங்கூட வரல. "சேலைக்கு ஒண்ணும் ரூல் இல்லையாம், நான் போறேன்"னுட்டு உள்ள போயிட்டா. கட்டுன பொண்டாட்டி!

ராத்திரி சோத்துக்கு உக்காந்தப்ப ஜெனிட்டா கேட்டா, "நாங்க எப்படிப் பாடுனோம்னு அம்மாகிட்டக் கேக்க மாட்டீங்களாப்பா?"ன்னு. அன்னைக்கு எனக்குப் பாட்டு விசாரிக்கற நெலமையா? மாதா படத்து முன்னாடி நின்னு மனசுக்குள்ள சத்தியம் பண்ணுனேன். என் வேட்டியப் பாத்துச் சிரிச்ச கூட்டத்துக்கு முன்னாடி அந்தக் கோதண்டபாணி இடுப்புத் துணி அவுந்து விழணும். விழ வெப்பேன்.

சத்தியம் பண்ணிட்டேனே ஒழிய, வழி தெரியல. செப்டம்பர் மாசம் பாருங்க, அந்தாளே என் கடைக்கு வர்றாரு, கையில ஒரு பார்சல். பிரிச்சா கட்டம் போட்ட கம்பளித் துணி. எட்டு கஜம். மக்ரே துரை அனுப்பியிருக்காராம். அவங்க குலத்துக்குன்னே உள்ள கட்டமாம் அது. இந்த வருசமும் துரை டிசம்பருக்கு வர்றாராம், இவரும் கில்ட்டுலயே நின்னு அவரை வரவேற்கணுமாம். "உனக்குத் தெக்கத் தெரியுமா சூசை?"ன்னாரு.

தெரியுமாவா? பட்டாளத்து பேண்டு வாத்தியத்துல பைப்பு ஊதறவங்களுக்கு ஆறு வருசம் கில்ட் தெச்சவனுங்க நான். இந்த ஜில்லாவுல வேற ஒருத்தன் இருந்தாச் சொல்லுங்க. மாதா கண்ணைத் தொறந்துட்டான்னு நெனச்சேன். சிரிச்ச முகத்தோட டேப்பை எடுத்து அந்தத் தொப்பையச் சுத்துனேன். நாப்பத்தி நாலு.

பொழப்புல பொய் சொல்ல மாட்டேன் தம்பி, அது மாதிரி ஒரு கில்ட்ட நான் முன்னயும் தெச்சதில்ல, பின்னயும் தெச்சதில்ல. பின்னாடி முப்பது கொசுவம். ஒவ்வொரு மடிப்புலயும் கட்டம் கட்டத்தோட ஒட்டிப் போகும், ஒரு நூல் விலகாது. முன்னாடி தட்டையா எஸ்திரி போட்ட மாதிரி விழும். கையாலயே பதினோரு நாள் தெச்சேன். ஆனா அந்தக் கில்ட் இடுப்புல நிக்கறது கொசுவத்துல இல்லீங்க, பக்கத்துக்குப் பக்கம் தோல்வார் இருக்குது, பக்கிள் வெச்சது, அந்த வாரைத் துணியோட புடிச்சிருக்கற தையல்லதான். அங்க மட்டும் ஈரத்துல கெடந்து மக்கிப்போன பழைய நூலைப் போட்டேன். மேல பாத்தா கெட்டித் தையல் மாதிரியே இருக்கும். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட இதச் சொல்லல.

சும்மா விழுந்தாப் போதுமா? எப்ப விழணும்கறதுதான் கணக்கு. நல்லா யோசிச்சேன். விழா நடக்கற முறை எனக்குத் தெரியும். கமிட்டி ஆளுங்க மொத வரிசையில உக்காருவாங்க. தலைமை விருந்தாளி வர்றப்ப எல்லாரும் எந்திரிப்பாங்க, அது ஒண்ணு. செக்ரட்டரி பேசறதுக்கு எந்திரிப்பாரு, ரெண்டு. பாதியில டீக்கு விடுவாங்க, மூணு. எல்லாம் முடிஞ்சு கடைசியா ஜனகணமன. அது நாலு. நாலாவதுல தெறிக்கணும்! ஏன்னு கேளுங்க. ஜனகணமன பாடறப்ப ஆடக்கூடாது, அசையக்கூடாது. குனிஞ்சு எடுக்க முடியாது. ஓட முடியாது. அம்பத்திரெண்டு செகண்டு, அத்தன பேருக்கு முன்னாடி, கையை நேரா வெச்சுட்டு நிக்கணும் மவனே!

அதுக்காக எத்தனை தையல் போடறதுன்னு பழகிப் பாத்தேன். மத்தியானம் ஷட்டரைப் பாதி எறக்கிட்டு, வயித்துல தலகாணியக் கட்டிட்டு, கில்ட்ட நானே மாட்டிட்டு, ஸ்டூல்ல உக்காந்து எந்திரிச்சு, உக்காந்து எந்திரிச்சு... ஆறு தையல் போட்டா எட்டு தடவ தாங்குது. மூணு போட்டா ரெண்டாவதுலயே போகுது. நாலு போட்டாத்தான் நாலாவதுல படக்குனு போகுது. அந்த நேரம் சோத்துக் கேரியரோட அமலி குனிஞ்சு உள்ள வந்துட்டா. என்னை அந்தக் கோலத்துல பாத்ததும் கேரியரைக் கீழ வெச்சுட்டா.

"என்ன கருமம் இது?"

"ட்ரையல் பாக்கறேன்டி."

"பொண்ணுக்காகப் பேண்ட் போட மாட்டீங்க. பாவாடை கட்டுவீங்களா?"

பொம்பளைக்கு என்ன தெரியும் ரோசம்.

நவம்பர் கடைசியில மிஸ் டொரீன் வீட்டுக்கே வந்தாங்க. இந்த வருசம் மெயின் பாட்டு ஜெனிட்டாவுக்குன்னாங்க. ரெண்டாம் பாதியில தனியா நின்னு பாடற பாட்டு. அப்பறம் சொன்னாங்க, மக்ரே துரை அங்க அவங்க ஊர் சங்கீதக் காலேஜுக்கு ஒரு பொண்ணை அனுப்பிப் படிக்க வெக்கப் போறாராம், மூணு வருசம், எல்லாச் செலவும் அவரோட டிரஸ்ட்டு. அதுக்குத்தான் இந்தத் தடவ வர்றாராம், எம் பொண்ணு பாடறதக் கேக்க. "மிஸ்டர் சூசை, இது அவளுக்கு ஒரே ஒரு சான்ஸ்"ன்னாங்க அந்தம்மா. கண்ணு கலங்குச்சு அவங்களுக்கு. ஜெனிட்டா கதவோரம் நின்னு நகத்தைக் கடிச்சுட்டிருந்தா. "சரிங்க மிஸ், நல்லதுங்க"ன்னேன். சந்தோசந்தான். ஆனா மனசு முழுக்க அந்த நாலு தையல்லயே இருந்துச்சு, என்ன பண்றது.

விழா அன்னைக்குச் சாயங்காலம் அமலி பொட்டி அடியில இருந்து ஒரு பேண்ட்ட எடுத்து எஸ்திரி போட்டு வெச்சா. "இந்த வருசமாவது முன்னாடி வந்து உக்காருங்க, உங்க காலுல விழறேன்"னா. மாட்டேன்னுட்டேன். நான் வேட்டியிலயே போனேன். எப்படிப் போனேன்னு கேக்கறீங்களா? நடிக்கற புள்ளைங்களுக்குத் துணியெல்லாம் நாந்தான் தெச்சது. கடைசி நேரத்துல கிழிஞ்சா ஒட்டுப்போட டெய்லர் வேணுமில்ல? பின்வாசல் வழியா ஊசி நூலோட போனேன். பின்வாசல்ல போர்டு கெடையாதுங்க.

மேடையோட பக்கத்துல திரை மறைவுல ஒரு எடம் இருக்குது. அங்க நின்னா மேடையும் தெரியும், மொத வரிசையும் தெரியும். கோதண்டபாணி வந்தாரு பாருங்க, மாப்பிள்ளை மாதிரி! கோட்டு, டை, நான் தெச்ச கில்ட், முழங்கால் வரைக்கும் சாக்ஸ். நடக்கறப்ப கொசுவம் அப்படியே விசிறி மாதிரி ஆடுது. பக்கத்துல மக்ரே துரையும் கில்ட்டுல. ரெண்டு பேரும் வாசல்ல சேந்து போட்டோ எடுத்துக்கறாங்க, அப்பறம் இவரு மட்டும் முன்னாடி வந்து மொத வரிசையில உக்காந்துட்டாரு. "ஆடு மவனே ஆடு"ன்னு நெனச்சுட்டேன்.

மக்ரே துரை உள்ள நொழஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சாங்க. ஒண்ணு. இவரு மேடையேறிப் பேசுனாரு. ரெண்டு. டீக்குப் போனாங்க. மூணு. வார் அசையுது, எனக்குத் தெரியுது, வேற யாருக்கும் தெரியாது. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி.

ரெண்டாம் பாதி. ஜெனிட்டா தனியா வந்து நின்னா. நான் தெச்ச வெள்ளைக் கவுனு. மேல இருந்து ஒரே ஒரு லைட்டு அவ முகத்துல. பாட ஆரம்பிச்சா. நான் அவளைப் பாக்கலீங்க. என் கண்ணு மொத வரிசையிலயே இருந்துச்சு. பாட்டுல ஒரு எடத்துல மேல மேல போயி, ஒரு கட்டத்துல நிறுத்தி மூச்சு விடணும், அதுக்கப்பறம் கடைசி அடி. அந்த நிறுத்தத்துலதான் மண்டபமே அப்படியே அமுங்கிப்போச்சு. ஒரு இருமல் கெடையாது.

அப்பத்தான் அந்தாளு எந்திரிச்சாரு.

எதுக்கு எந்திரிக்கறான்? எனக்குப் புரியல. பாட்டு முடியல, ஜனகணமன வரல, இப்ப எதுக்கு இவன் எந்திரிக்கறான்? கையத் தட்டறாரு. ரெண்டு கையையும் தூக்கித் தட்டறாரு, கண்ணுல தண்ணி ஓடுது அந்த மனுசனுக்கு. அவரைப் பாத்து மக்ரே துரை எந்திரிச்சாரு. பின்னாடி வரிசை வரிசையா எல்லாரும் எந்திரிக்கறாங்க. எம் பொண்ணுக்கு! எம் பொண்ணுக்காக அந்த மண்டபமே எந்திரிச்சு நிக்குது!

நான் திரைக்குப் பின்னாடி நின்னு கத்தறேன், "உக்காருய்யா! யோவ், உக்காருய்யா!" கைத்தட்டல்ல என் சத்தம் எங்க கேக்கும்?

விழுந்திருச்சு. எட்டு கஜம் கம்பளிங்க, பொதுக்குனு விழுந்துச்சு. உள்ள என்னன்னு நெனக்கறீங்க? பட்டாபட்டி! கோடு போட்ட பட்டாபட்டி டவுசரு, நாடா முன்னாடி தொங்குது. எடின்பரோவுல படிச்ச மனுசன்! வேற எந்த நேரமா இருந்தாலும் நான் வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பேன். மண்டபம் சிரிச்சுது. மொதல்ல பக்கத்துல இருந்தவங்க, அப்பறம் எட்டிப் பாத்தவங்க, அப்பறம் மொத்தமா. பெஞ்சத் தட்டித் தட்டிச் சிரிக்கறாங்க.

ஜெனிட்டாவுக்கு லைட்டு கண்ணுல அடிக்குதுங்க. கீழ இருட்டு. அவளுக்கு ஒண்ணும் தெரியல. கைத்தட்டுனவங்க திடீர்னு எதுக்குச் சிரிக்கறாங்கன்னு தெரியல. கவுனைக் குனிஞ்சு பாத்துக்கறா. முகத்தத் தடவிப் பாத்துக்கறா. மிஸ் டொரீன் பியானோவுல இருந்து அடுத்த அடிய வாசிச்சுக் காட்டறாங்க, பாடு பாடுன்னு தலையாட்டறாங்க. வாயத் தொறந்தா. சத்தம் ஒடைஞ்சு போச்சு. மறுபடியும் தொறந்தா. வரல. என்னைத் தாண்டித்தான் ஓடுனா. நான் அங்க நின்னுட்டிருந்ததைக் கூடப் பாக்கல.

அந்தாளுக்கு என்ன அவசரங்க எந்திரிக்கறதுக்கு? நீங்களே சொல்லுங்க. பாட்டு முடியட்டுமே? நாகரிகம் தெரிஞ்சவன்தான? முடியற வரைக்கும் உக்காந்திருந்தா என்ன கொறஞ்சு போகுது?

விடியற வரைக்கும் அழுதா. உன்னைப் பாத்துச் சிரிக்கல கண்ணு, செக்ரட்டரியோட பாவாடை அவுந்திருச்சுன்னு அமலி நூறு தடவ சொல்லிட்டா. நம்புனாளோ என்னமோ.

காலையில ஏழரைக்கு வாசல்ல காரு. கோதண்டபாணி. வேட்டி கட்டியிருந்தாரு தம்பி. அவரை வேட்டியில அன்னைக்குத்தான் பாத்தேன். வாசல்லயே நின்னு, உள்ள கூட வராம, எம் பொண்ணைக் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாரு. "அம்மா, நான் பொறந்ததுல இருந்து அப்படி ஒரு பாட்டுக் கேட்டதில்ல. தன்னால எந்திரிச்சுட்டேன். என்னால உன் பாட்டு கெட்டுப்போச்சு. துரை பத்து மணிக்குக் கிளம்பறாரு. கிளப்புல பியானோகிட்டயே உக்காந்திருக்காரு. ஒரு தடவ வந்து பாடிட்டு வந்துரு, காரு கொண்டாந்திருக்கேன்"னாரு. என்கிட்டத் திரும்பி, "சூசை, உன் தையல்ல கொறையே இல்லப்பா. என் தொப்பைதான் தெறிச்சுருச்சு. வாரை மட்டும் மறுபடி தெச்சுக் குடு"ன்னு கில்ட்ட நீட்டுனாரு.

நான் கைய நீட்டறதுக்குள்ள ஜெனிட்டா வாங்கிட்டா. மடிச்சு வெக்கத்தான் வாங்குனா, பாவம். தையக்காரன் பொண்ணுங்க அவ. பத்து வயசுல பட்டனுக்குக் காஜா எடுக்கப் பழகுனவ. வாரு பிஞ்ச எடத்துல வெரல் பட்டுச்சு. நூலைப் புடிச்சு லேசா இழுத்தா, பொடியாப் போச்சு. இன்னொண்ண இழுத்தா. ஓட்டைகள எண்ணுனா. நாலு. மத்த எடமெல்லாம் எப்படித் தெச்சிருக்கேன்னு ஒரு தடவ பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா.

அந்தாளு காருக்குப் போயிட்டாரு. அவ என் பக்கத்துல வந்து, அம்மாவுக்குக் கேக்காத மாதிரி மெதுவாக் கேட்டா. "எப்ப அவுறணும்னு வெச்சீங்கப்பா?"

"கடைசியில கண்ணு. சத்தியமா கடைசியில, ஜனகணமனவுல. நாலாவது தடவ எந்திரிக்கறப்பன்னு கணக்குப் போட்டுத்தான்..."

"அவரு எத்தன தடவ எந்திரிப்பாருன்னு எண்ணியிருக்கீங்க. என் பாட்டுக்கு ஒரு ஆளாவது எந்திரிப்பாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்லையாப்பா?"

அப்படி ஒண்ணு எனக்குத் தோணவே இல்லைங்கறது நெசம். அவளுக்கும் தெரிஞ்சு போச்சு. கில்ட்ட என் கையில குடுத்துட்டு, போய் காருல ஏறிட்டா.

பாட முடியலீங்க. ராத்திரியெல்லாம் அழுத தொண்டை, கட்டிப்போச்சு. மூணு தடவ ஆரம்பிச்சாளாம். துரை நல்ல மனுசன், அடுத்த வருசம் வர்றேன், அப்பக் கேக்கறேன்னு சொன்னாராம். அடுத்த வருசம் அவருக்கு ஒடம்பு முடியல, அதோட வரல. மிஸ் டொரீனும் பெங்களூர்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. ஜெனிட்டா டிகிரி முடிச்சுட்டு கோயமுத்தூர் போயி ஒரு கண்ணாஸ்பத்திரியில ரிசப்சன்ல சேந்தா. அங்கயே கல்யாணம் ஆச்சு. நான் பண்ணுனத இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல அவ. அமலிக்குக் கூடத் தெரியாது. உங்ககிட்டத்தான் சொல்றேன், இந்த மரத்தை அறுத்துட்டா நீங்க யாரோ நான் யாரோ.

கில்ட்டா? தெச்சுக் குடுத்தேன். மெழுகு போட்ட ரெட்டை நூல்ல, வாருக்கு இருபது தையல். இப்பவும் டிசம்பரானா அதைக் கட்டிட்டுத்தான் நிக்கறாரு. என் கடைப்பக்கம் வந்தா, பாப்பா எப்படி இருக்குது சூசை, பாடறாளான்னு கேக்காமப் போக மாட்டாரு. அதக் கேக்கறப்ப எனக்கு அந்தாளு மேல வர்ற ஆத்திரம் இருக்குதே, அன்னைக்கு வாசல்ல வந்தது கூட அதுல பாதி இருக்காது. எந்திரிச்சவனத் திட்டறதா, தெச்சவனத் திட்டறதா? போங்க தம்பி.

இப்ப அங்கதான் போறேன், அவ வீட்டுக்கு. பேரனுக்கு ஒண்ணரை வயசு. மரியாதையில ஒண்ணும் கொறை கெடையாது. சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பான்னு எல்லாம் கேப்பா. பாட்டுப் பேச்சு மட்டும் எடுக்க மாட்டா. நானும் எடுக்கறதில்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன். அவங்க வீடு ரெண்டாவது மாடி. போன மாசம் படி ஏறிட்டே இருக்கறேன், உள்ள இருந்து பாட்டு. பையனைத் தூங்க வெக்கறா. தாலாட்டு இல்லீங்க, அந்தப் பாட்டு. புரியாத பாஷை. மேல மேல போயி அந்த எடத்துல நிறுத்துனா. நான் கைப்புடிச் சுவத்தப் புடிச்சுட்டு நிக்கறேன். மூச்சு விட்டா. அப்பறம் கடைசி அடியையும் பாடுனா. அன்னைக்கு அந்த மண்டபத்துல ஒருத்தருக்கும் கேக்கக் கெடைக்காத அடிங்க அது.

பெல் அடிச்சேன். டக்குனு நிறுத்திட்டா. கதவத் தொறந்து, வாங்கப்பான்னா.

அதனால இப்பல்லாம் மத்தியானம், அவன் தூங்கற நேரமாப் பாத்துத்தான் போறது. முடியற வரைக்கும் படியிலயே நின்னுட்டு, அப்பறமா பெல் அடிக்கறனுங்க.